கண்டாங்கித் துணியில் ரத்தம் தெரியாது

எங்கள் அப்பத்தா பிரசவம் பார்க்கப் போகிற வீட்டில் முதலில் வெந்நீர் கேட்காது. வெள்ளை வேட்டி கேட்கும். "பழசா இருந்தாலும் சரி, கிழிசலா இருந்தாலும் சரி, வெள்ளையா இருக்கணும்" என்று நுழையும்போதே சொல்லிவிடும். கல்லலைச் சுற்றியுள்ள ஊர்களில் அதற்கு 'வேட்டி மருத்துவச்சி' என்றே பட்டப்பெயர். கேலியாகச் சொன்னதுதான். அப்பத்தா கண்டுகொள்ளாது.

செட்டிநாட்டு வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். முகப்பு ஒரு தெருவில், கொல்லைக் கதவு இன்னொரு தெருவில். அப்பத்தா போனது எப்போதும் அந்தக் கொல்லைக் கதவு வழியாகத்தான். தேக்குத் தூணும் பெல்ஜியம் கண்ணாடியும் அதற்குக் கேள்வி ஞானம். பின்கட்டில் ஓர் அறை, ஒரு கயிற்றுக் கட்டில், ஓர் அரிக்கேன் விளக்கு, இவ்வளவுதான் அது பார்த்த அரண்மனை.

அந்த வீடுகளில் பேறுகாலத்துக்கென்று பழைய கண்டாங்கிச் சேலைகளைத் துவைத்துக் கிழித்து மடித்து வைத்திருப்பார்கள். உடுத்தி உடுத்தி நைந்த பருத்தி பஞ்சு மாதிரி இருக்கும், ஈரத்தை நன்றாக இழுக்கும். உடம்புக்கு உறுத்தாது. அதைத்தான் அப்பத்தா வேண்டாம் என்று தள்ளும். ஏன் என்று நான் நர்சிங் படிக்கும்போது ஒரு லீவில் கேட்டேன். அன்றைக்குத்தான் அந்தக் கதையைச் சொன்னது.

அப்பத்தாவுக்கு அப்போது முப்பது வயது இருக்கலாம். ஒரு பெரிய வீட்டு ஆச்சிக்கு இரண்டாவது பிரசவம். விளக்கு வைக்கிற நேரத்தில் பிள்ளை பிறந்துவிட்டது. நஞ்சுக்கொடி விழவில்லை. அந்தக் காலத்து வைத்தியம், பிரசவித்தவளின் கூந்தலைச் சுருட்டி அவள் வாயிலேயே திணிப்பது. ஓங்கரித்தால் வயிறு இறுகும், நஞ்சு தள்ளிக்கொண்டு வரும் என்று கணக்கு. செய்து பார்த்தார்கள். கொஞ்சம் வந்தது, கொஞ்சம் உள்ளே நின்றுவிட்டது. ரத்தம் போய்க்கொண்டே இருந்தது. கொட்டவில்லை, சொட்டுச் சொட்டாக ஊறிக்கொண்டு. மாமியார் ஆச்சி, "கெட்ட ரத்தம், போகட்டும் விடு" என்றார். துணியை மாற்றினார்கள். ஈரத்துணியைக் கட்டிலுக்கடியில் போட்டார்கள். மறுபடி மாற்றினார்கள். அத்தனையும் அரக்குக் கண்டாங்கி. அரக்குச் சேலையில் ரத்தம் பட்டால் நனைந்த அரக்காகத்தான் தெரியும். தண்ணீர் பட்டாலும் அப்படித்தான் தெரியும்.

"அந்த ஆச்சி பேசிக்கிட்டுத்தான் இருந்துச்சுத்தா. காப்பி கேட்டுச்சு. பொம்பளப் பிள்ளையா, ஆம்பளப் பிள்ளையான்னு கேட்டுச்சு. அப்புறம் கொட்டாவி விட ஆரம்பிச்சுச்சு. தூக்கம் வருதாக்கும்னு நெனச்சேன்."

தூக்கம் இல்லை அது. கை கால் சில்லிட்ட பிறகுதான் காரை எடுத்தார்கள். ஊர் எல்லை தாண்டவில்லை.

மறுநாள் அந்தத் துணிகளை அலசுகிற வேலையும் அப்பத்தாவுக்குத்தான். மூட்டையாகக் கட்டிக் கண்மாய்க்குக் கொண்டுபோனது. "முக்கி முக்கி எடுக்குறேன், வந்துக்கிட்டே இருக்குத்தா. அம்புட்டு ரத்தம் என் கண்ணு முன்னாடி போயிருக்கு, நான் பாத்துக்கிட்டே உக்காந்திருந்திருக்கேன்." அதற்குப் பிறகுதான் வெள்ளை வேட்டி.

நான் அதைப் பழைய காலத்துக் கதையாகத்தான் கேட்டுக்கொண்டேன். எங்களுக்கு அப்போது ஆங்கிலப் பாடப்புத்தகம் வந்துவிட்டது, அதில் எல்லாம் இருந்தது.

பிரசவத்துக்குப் பிறகு ரத்தம் ஏன் போகிறது, ஏன் நிற்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இது தெரியாமல் மீதிக் கதை புரியாது. நிறைமாதத்தில் கர்ப்பப்பைக்கு நிமிடத்துக்கு அரை லிட்டருக்கு மேல் ரத்தம் ஓடுகிறது. நஞ்சுக்கொடி பிரிந்து வந்தவுடன் அது ஒட்டியிருந்த இடத்தில் அத்தனை குழாய்களும் வாய் திறந்து நிற்கும். அதை அடைப்பது முதலில் ரத்தம் உறைவதால் இல்லை. கர்ப்பப்பையின் தசை இறுகுவதால். எங்கள் பக்கம் ஆச்சிமார் ஓலைக் கொட்டான் முடைவதைப் பார்த்திருக்கிறீர்களா? ஓலை குறுக்கும் நெடுக்கும் போகும், முடைந்து முடித்து இழுத்துவிட்டால் இடைவெளி எல்லாம் மூடிக்கொள்ளும். கர்ப்பப்பைத் தசை நார்களும் அப்படித்தான் குறுக்கும் நெடுக்கும் ஓடுகின்றன. ரத்தக் குழாய்கள் அந்த நார்களுக்கு இடையே நுழைந்து வருகின்றன. தசை சுருங்கினால் ஒவ்வொரு குழாயும் நெரிபட்டு அடைந்துவிடும். சுருங்காவிட்டால் திறந்த குழாய்தான். நிமிடத்துக்கு அரை லிட்டர் என்றால், உடம்பில் இருக்கிற ரத்தம் எத்தனை நிமிடத்துக்குக் காணும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் வகுப்பில் 'நாலு டி' என்று மனப்பாடம் செய்ய வைப்பார்கள். டோன், டிஷ்யூ, ட்ராமா, த்ராம்பின். தசை இறுகாதது, நஞ்சின் துண்டு உள்ளே தங்கியது, கிழிசல், ரத்தம் உறையாமை. பத்தில் ஏழு பேருக்கு முதல் காரணம்தான். இரண்டாவதும் முதலாவதும் பல நேரம் கூட்டாளிகள். உள்ளே ஒரு துண்டு கிடந்தால் கர்ப்பப்பை முழுசாக மூட முடியாது, கதவிடுக்கில் சிக்கிய துணி மாதிரி.

நஞ்சு என்கிற பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. ஒன்பது மாதம் சோறு ஊட்டி, மூச்சுக் கொடுத்து, கழிவை வாங்கிக்கொண்ட உறுப்புக்கு நாம் வைத்த பெயர் விஷம். உள்ளே தங்கினால் கொல்லும் என்று பார்த்துப் பார்த்து வைத்த பெயராக இருக்கலாம் என்பது என் ஊகம். மாட்டுக்கு இதே விஷயத்தில் நாம் காட்டுகிற மரியாதையே வேறு. கன்று போட்ட மாடு இளங்கொடி போடுகிறதா என்று வீட்டில் ஒருவர் கண்ணை எடுக்காமல் உட்கார்ந்திருப்பார். விழுந்ததை வைக்கோலில் சுருட்டிச் சாக்கில் கட்டி ஆலமரத்தில் தொங்கவிடுவார்கள். போடவில்லை என்றால் உடனே மாட்டாஸ்பத்திரி. பெண்ணுக்கு மட்டும் "தானா விழும், பொறு".

மருத்துவக் கணக்கில் அரை மணி நேரம் பொறுக்கலாம். அதற்குள் நஞ்சு வரவில்லை என்றால் தங்கிவிட்டது என்று பொருள். இடையில் ரத்தம் போகத் தொடங்கினால் அந்த அரை மணியும் கிடையாது. கர்ப்பப்பை இறுகாத நிலையில் கொடியைப் பிடித்து இழுக்கவும் கூடாது. இழுத்தால் கர்ப்பப்பையே சட்டைப் பையைப் புரட்டுவது மாதிரி உள்வெளியாகப் புரண்டு வந்துவிடும். அதை நான் ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறேன், அதைப் பற்றி எழுத விருப்பமில்லை. தங்கிய நஞ்சை மயக்கம் கொடுத்து, கையை உள்ளே விட்டு, விரல் நுனியால் பிரித்து எடுக்க வேண்டும். அது தியேட்டரில் செய்கிற வேலை.

சரி, என் கதைக்கு வருகிறேன். 2009. காரைக்குடியிலிருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல் உள்ளே தள்ளி ஒரு ஆரம்ப சுகாதார நிலையம். மூன்று ஸ்டாஃப் நர்சுகள், ஷிப்டுக்கு ஒருவர். நான் இரவு டியூட்டி. பதினொன்றரைக்கு ஒரு பெண் வந்தாள். மூன்றாவது பிரசவம், உடம்பில் ரத்தம் கம்மி, ஹீமோகுளோபின் ஒன்பது சொச்சம். அந்தக் காலத்தில் கரண்ட் கட் எப்படி இருந்தது என்று தமிழ்நாட்டில் இருந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பன்னிரண்டு பத்துக்குக் குழந்தை பிறந்தபோது எமர்ஜென்சி லைட்டும் மங்கி, ஊழியர் அக்கா டார்ச் பிடித்துக்கொண்டு நின்றார்.

பிறந்த ஒரு நிமிடத்துக்குள் தொடையில் ஆக்சிடோசின் பத்து யூனிட் போட்டேன், கர்ப்பப்பையை இறுக வைக்கிற மருந்து. எட்டாவது நிமிடம் நஞ்சு வந்தது. தட்டில் போட்டு டார்ச் வெளிச்சத்தில் புரட்டிப் பார்த்தேன். தாயோடு ஒட்டியிருந்த பக்கம் பலாச்சுளை அடுக்கி வைத்தது மாதிரி மடல் மடலாக இருக்கும். ஒரு சுளை குறைந்தால் அந்த இடம் பள்ளமாக, சொரசொரப்பாகத் தெரியும். எனக்கு முழுசாகத் தெரிந்தது. முழுசு என்று எழுதினேன்.

அந்தப் பெண்ணின் அம்மா ஒரு பை நிறையத் துணி கொண்டுவந்திருந்தார். துவைத்துக் கிழித்த பழைய சேலை, கருஞ்சிவப்பும் கத்தரிப்பூ நிறமும். எங்களிடம் பேட் தீர்ந்திருந்தது. அதையே வைத்தேன், மாற்றினேன், திரும்ப மாற்றினேன். கேஸ் ஷீட்டில் 'ரத்தப்போக்கு 300 மி.லி.' என்று எழுதினேன். எப்படி முந்நூறு? கண்ணால் பார்த்துப் போட்டதுதான். முப்பது வருடம் நர்சாக இருந்தவள் சொல்கிறேன், அந்தக் கட்டத்தில் நாங்கள் எல்லோரும் எழுதுவது ஒரே எண்தான். பிரச்சினை இல்லாத கேஸ் என்று நாங்கள் நம்ப விரும்புகிற எண். ஐந்நூறு தாண்டினால் அது ரத்தப்போக்குக் கேஸ் ஆகிவிடும், அதற்கென்று வேலை செய்ய வேண்டும், டாக்டரைக் கூப்பிட வேண்டும். அதனால் ஐந்நூறைக் கை எழுதாது.

நாடி 112. வலி எடுத்த அலுப்பு என்று நினைத்தேன். பி.பி. நன்றாகத்தான் இருந்தது. இது ஒரு பொறி. கர்ப்பத்தில் உடம்பு கூடுதலாக ரத்தம் சேர்த்து வைத்திருக்கும். அதனால் ஒரு லிட்டர் போகிறவரை கூடப் பி.பி. ஒன்றும் காட்டாமல் இருக்கலாம். நாடிதான் முதலில் ஓடும். காட்டும்போது எல்லாம் சேர்ந்து காட்டும்.

அவள் குழந்தையைப் பார்த்துக்கொண்டே கொட்டாவி விட்டாள்.

ஒரு நொடி எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இரண்டாவது கொட்டாவிக்கு முதுகுத்தண்டில் ஏதோ ஊர்ந்தது. அடிவயிற்றில் கை வைத்தேன். தொப்புளுக்குக் கீழே தேங்காய் மாதிரி கெட்டியாகத் தட்டுப்பட வேண்டிய கர்ப்பப்பை, பிசைந்த மாவு மாதிரி அமுங்கியது. எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. அமுக்கியதும் கைப்பிடி அளவு கட்டிகளோடு ரத்தம் வந்தது. சிறுநீர்ப்பை நிரம்பிக் கர்ப்பப்பையை மேலே தள்ளிக்கொண்டிருந்தது வேறு. அதையும் நான் பார்க்கவில்லை.

அப்புறம் நடந்ததை வரிசையாகச் சொல்ல முடியாது, ஏனென்றால் வரிசையாக நடக்கவில்லை. ஒரு கையால் வயிற்றைத் தேய்த்துக்கொண்டே 108-க்குப் போன் போடச் சொன்னேன். இரண்டு கையிலும் பெரிய ஊசியாகக் குத்தி ஒன்றில் சலைன், ஒன்றில் ஆக்சிடோசின் கலந்த டிரிப். சிறுநீர்க் குழாய். கர்ப்பப்பையை இறுக்குகிற இன்னொரு மருந்தான மெத்தர்ஜின் ஊசி, பி.பி. அதிகமில்லாததால் போட முடிந்தது. கால் பக்கம் உயர்த்தினோம், போர்த்தினோம். கர்ப்பப்பை கொஞ்சம் இறுகும், கையை எடுத்தால் மறுபடி தளரும். வண்டி வந்தபோது வலது கையை முஷ்டியாக்கி உள்ளே வைத்து, இடது கையால் வயிற்றின் மேலிருந்து அழுத்தி, கர்ப்பப்பையை இரண்டு கைக்கும் நடுவில் பிடித்துக்கொண்டேன். அப்படியே ஸ்ட்ரெச்சரோடு ஏறினேன். காரைக்குடி வரை முப்பது நிமிடம் அந்தப் பிடியை விடவில்லை. பத்து நிமிடத்தில் முன்னங்கை எரியும், பதினைந்தில் மரத்துப்போகும், அதற்குப் பிறகு கை நம்முடையது மாதிரியே இருக்காது. வண்டி ஒவ்வொரு வேகத்தடையிலும் தூக்கிப் போட்டது. அந்த அம்மா எதிரில் உட்கார்ந்து, "கெட்ட ரத்தம்தானே நர்சம்மா? போனா நல்லதுதானே?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டு வந்தார். பதில் சொல்ல எனக்கு மூச்சு இல்லை.

ஆஸ்பத்திரியில் லேடி டாக்டர் கேட்டார், "எவ்வளவு போயிருக்கும்?"

"நானூறு இருக்கும் மேடம்."

அவர் அந்தப் பெண்ணின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் தியேட்டருக்குத் தள்ளச் சொன்னார். உள்ளே கட்டைவிரல் அளவு நஞ்சுத் துண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. எடுத்த கொஞ்ச நேரத்தில் கர்ப்பப்பை இறுகிவிட்டது. நான்கு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். மறுநாள் போய்ப் பார்த்தபோது டாக்டர் மெதுவாகத்தான் சொன்னார்: "நானூறு போனவளுக்கு நாலு பாட்டில் ஏத்த வேண்டியதில்ல சிஸ்டர்."

திரும்பி வந்தேன். துணிகள் லேபர் ரூம் வாளியில் அப்படியே கிடந்தன. குழந்தை எடை பார்க்கிற தராசில் அவற்றை வைத்தேன். அதே பையில் மீதியிருந்த காய்ந்த துணியில் அதே எண்ணிக்கை எடுத்து வைத்துக் கழித்தேன். ஒரு மில்லி ரத்தம் ஏறக்குறைய ஒரு கிராம். ஆயிரத்து நூற்று எண்பது கிராம் வந்தது. தரையில் போனது, ஸ்ட்ரெச்சரில் போனது தனி. தராசு முள்ளைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. அப்பத்தா செத்துப்போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. எழுத்தறியாத கிழவி ஒரே ஒரு சாவில் கற்றுக்கொண்டதை, மூன்றரை வருடம் படித்த எனக்குக் கிட்டத்தட்ட இன்னொரு சாவு காட்டிக்கொடுக்க வேண்டியிருந்தது.

நான் மட்டும்தான் முட்டாள் என்றில்லை என்பது பிறகு தெரிந்தது. கண்ணால் போடுகிற கணக்கு உலகம் முழுக்கவே குறைவாகத்தான் வருகிறது. கர்நாடகத்துப் பெல்காம் கிராமங்களில் கர்ப்பப்பையை இறுக்குகிற மிசோப்ரோஸ்டால் மாத்திரை பற்றி 1,620 பெண்களிடம் ஓர் ஆய்வு நடந்து, 2006-ல் லான்செட் இதழில் வந்தது. பிரசவம் ஆனதும் 600 மைக்ரோகிராம் மாத்திரை கொடுத்தால் அளவுக்கு மீறி ரத்தம் போகிற பெண்களின் எண்ணிக்கை ஏறக்குறையப் பாதியாகக் குறைகிறது என்று காட்டிய ஆய்வு. எனக்கு அதில் பிடித்தது மாத்திரை இல்லை. ரத்தத்தைச் சரியாக அளக்க வேண்டுமே என்று அவர்கள் பயன்படுத்திய பிளாஸ்டிக் விரிப்பு. இடுப்புக்கடியில் விரித்தால் ரத்தம் வழிந்து நுனியிலுள்ள பையில் சேரும், பையில் கோடு போட்டிருக்கும். அதோடு ஒப்பிட்டபோது கண்ணின் கணக்கு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

அந்த மாதிரி அளவுப் பையை வைத்து கென்யா, நைஜீரியா, தான்சானியா, தென்னாப்பிரிக்கா நான்கு நாடுகளில் 80 ஆஸ்பத்திரிகளில் இரண்டு லட்சத்துக்கும் அதிகமான பிரசவங்களில் பார்த்தார்கள். 2023-ல் முடிவு வந்தது. பையில் அளந்து, கோட்டைத் தாண்டியதும் வயிறு தேய்ப்பது, ஆக்சிடோசின், டிரானெக்சாமிக் அமிலம் (அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்), டிரிப், கிழிசல் இருக்கிறதா என்று பார்ப்பது எல்லாவற்றையும் ஒன்று முடிந்து ஒன்று என்றில்லாமல் ஒரே மூச்சில் செய்தார்கள். கடுமையான ரத்தப்போக்கு, அதற்காக வயிற்றைத் திறப்பது, சாவு மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் அறுபது சதவீதம் குறைந்தது. புதிதாக ஒரு மருந்தும் இல்லை அதில். வழக்கமான முறையில் ரத்தப்போக்கு வந்தவர்களில் பாதிப்பேரைத்தான் கண்டுபிடித்திருந்தார்கள். பை வைத்தபோது பத்துக்கு ஒன்பதுக்கு மேல். 2025-ல் உலக சுகாதார நிறுவனம் ஐந்நூறு ஆகும்வரை காத்திருக்க வேண்டாம், முந்நூறு போய் நாடியோ பி.பி.யோ மாறினாலே சிகிச்சையைத் தொடங்கு என்று சொல்லிவிட்டது. முந்நூறு! நான் அந்த இரவில் நிம்மதிக்காக எழுதிய எண்.

மருந்துகளைப் பற்றி இரண்டு விஷயம். ஆக்சிடோசின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய மருந்து. மே மாதத்துக் காரைக்குடியில் மேஜை டிராயரில் கிடக்கிற ஆம்பூல் பார்க்க ஊசி மாதிரிதான் இருக்கும், வீரியம் இறங்கியிருக்கும். கரண்ட் கட் காலத்தில் நாங்கள் தடுப்பூசி ஃபிரிட்ஜில் அதற்கு ஓர் இடம் பிடிக்கச் சண்டை போட்டிருக்கிறோம்.

இன்னொன்று டிரானெக்சாமிக் அமிலம். உறைந்த ரத்தம் மறுபடி கரைந்துவிடாமல் காக்கிற மருந்து. அதைக் கண்டுபிடித்தவர் உதாகோ ஒகமோதோ என்ற ஜப்பானியப் பெண்மணி. போருக்குப் பிந்தைய பஞ்சத்தில் கைக்குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு ஆய்வுக்கூடம் போனவர். 1962-ல் கணவரோடு சேர்ந்து அதை வெளியிட்டார். பிரசவ ரத்தப்போக்குக்குத்தான் அவர் ஆசைப்பட்டார், அவர் நாட்டு டாக்டர்கள் சோதித்துப் பார்க்க முன்வரவில்லை. 21 நாடுகளில் இருபதாயிரம் பெண்களிடம் நடந்த ஆய்வு 2017-ல், பிரசவமாகி மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால் ரத்தப்போக்குச் சாவு மூன்றில் ஒரு பங்கு குறைகிறது என்றது. கால் மணி நேரம் தாமதித்தால் பலனில் பத்து சதவீதம் போய்விடும். அம்மையார் அதற்கு முந்தைய வருடம்தான் 98 வயதில் காலமானார்.

ஒரு சிரிப்பான விஷயமும் உண்டு. வங்கதேசத்து மருத்துவர் சயீபா அக்தர், விலை உயர்ந்த பலூனுக்குப் பதில் ஆணுறையைச் சிறுநீர்க் குழாயில் கட்டி, கர்ப்பப்பைக்குள் வைத்து, சலைனால் ஊதினால் உள்ளிருந்தே அழுத்தி ரத்தத்தை நிறுத்தலாம் என்று காட்டினார். பயிற்சிக்குப் போய் வந்து எமர்ஜென்சி டிரேயில் நானும் நிரோத் பாக்கெட் ஒன்று வைத்தேன். புதிதாக வந்த ஊழியர் அதை மூன்று முறை எடுத்துக் குடும்பக் கட்டுப்பாட்டுப் பெட்டியில் போட்டுவிட்டார், நான்காவது முறை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "சிஸ்டர், டாக்டர் பாத்தா தப்பா நெனப்பாரு" என்றார்.

தமிழ்நாட்டில் நிலைமை ரொம்பவே மாறியிருக்கிறது, அதைச் சொல்லாவிட்டால் கூடவே வேலை பார்த்தவர்களுக்குத் துரோகம். 2001-03-ல் உயிரோடு பிறந்த லட்சம் குழந்தைக்கு 134 தாய்மார் சாவு, 2018-20-ல் 54. சீமாங் மையங்கள் (சிக்கலான பிரசவங்களை அவசரமாகப் பார்க்கிற அரசு ஆஸ்பத்திரிப் பிரிவுகள்), 108, ரத்த வங்கி, ஒவ்வொரு சாவையும் கலெக்டர் வரை உட்கார்ந்து ஆராய்வது, எல்லாம் சேர்ந்த வேலை. ஆனால் பழைய சிக்கல் போகிற வழியில் புதுச் சிக்கல் ஒன்றைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறோம்.

என் தங்கை மகளுக்கு முதல் இரண்டும் சிசேரியன். மூன்றாவது தங்கியபோது ஐந்தாம் மாத ஸ்கேனில் நஞ்சு கீழே, முன்பக்கம், சரியாகப் பழைய தையல் மேல். நான் ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு அன்றைக்குச் சாப்பிடவில்லை. தழும்பின் மேல் உட்கார்ந்த நஞ்சுக்கு நிற்கத் தெரியாது. கர்ப்பப்பையின் உள்தோலோடு நிற்காமல் தசைக்குள் வேர் விடும், சில சமயம் தசையைத் தாண்டிச் சிறுநீர்ப்பை வரை போகும். அதைப் பிரித்தெடுக்க முயன்றால் குழாய்களைத் திறந்துவிட்ட மாதிரிதான். நஞ்சு கீழே இருக்கிற பெண்ணுக்கு ஒரு பழைய சிசேரியன் என்றால் நூற்றில் 11 பேருக்கு இப்படி ஒட்டிக்கொள்கிறது, இரண்டு என்றால் 40 பேருக்கு என்று ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு சொல்கிறது. 2019-21 குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். நல்ல நாள், நல்ல நேரம் பார்த்துக் கீறுகிற ஊர் நம்முடையது. தேவைப்படுகிறபோது அறுவை உயிர் காக்கும், சந்தேகமில்லை. ஜோசியருக்காகப் போடுகிற தையலுக்கு மூன்றாவது பிள்ளையிடம் வட்டி வாங்குகிறார்கள்.

அவளை மதுரைக்கு அனுப்பினோம். முப்பத்தைந்தாம் வாரம் நாள் குறித்து, ரத்தம் எடுத்து வைத்து, சிறுநீரக டாக்டரையும் நிறுத்தி வைத்துத்தான் அறுவை செய்தார்கள். குழந்தையை எடுத்தார்கள், நஞ்சைத் தொடாமல் கர்ப்பப்பையோடு சேர்த்து நீக்கினார்கள். தாயும் பிள்ளையும் நலம். தங்கை வீட்டுச் சம்பந்தி இன்றுவரை, "நல்லா இருந்த கர்ப்பப்பைய எடுத்துப்புட்டாங்க" என்று கல்யாண வீடுகளில் சொல்லிக்கொண்டு திரிகிறார். நான் இப்போதெல்லாம் பதில் சொல்வதில்லை, பாயசத்தை வாங்கிக்கொண்டு நகர்ந்துவிடுகிறேன்.

ஆனால் 'கெட்ட ரத்தம்' என்றால் மட்டும் எந்தப் பந்தியிலும் எழுந்து நிற்பேன். பிரசவத்தில் போகிற ரத்தம் அவள் இதயத்திலிருந்து வருகிற ரத்தம்தான். கெட்டது என்று தனியாக ஒரு டேங்க் கிடையாது. நம்மூரில் கர்ப்பிணிகளில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு ரத்தசோகை. இன்னொருத்தி தாங்குகிற அரை லிட்டரை அவர்களால் தாங்க முடியாது. வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகும் கண் இருக்க வேண்டும். உள்ளே தங்கிய துண்டு பத்து நாள் சும்மா இருந்துவிட்டுப் பதினோராம் நாள் வேலையைக் காட்டும். ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் முழுக்க நனைந்தால், எலுமிச்சை அளவு கட்டி வந்தால், நாற்றமும் காய்ச்சலும் இருந்தால், எழுந்தால் கண் இருட்டினால் உடனே வண்டி பிடிக்க வேண்டும். பிரசவக் காய மருந்து அரைப்பதெல்லாம் வந்து பார்த்துக்கொள்ளலாம். "பிள்ளை பெத்த உடம்பு, படபடப்பாத்தான் இருக்கும்" என்று சொல்கிற பெரியவர்களைக் கொஞ்சம் வெளியே உட்காரச் சொல்லுங்கள்.

போன மாதம் தம்பி மருமகளுக்குப் பிரசவம், அரசு ஆஸ்பத்திரியில். பிரசவத் துணையாக என்னைத்தான் கேட்டாள். பையில் கருப்பட்டி, பிளாஸ்க், குழந்தைத் துணியோடு இரண்டு வெள்ளை வேட்டியையும் மடித்து வைத்தேன். ஸ்டாஃப் நர்ஸ் சின்னப் பெண், என் மகள் வயதுகூட இராது. பையைப் பார்த்துவிட்டு, "வேட்டி எதுக்கும்மா? மாப்பிள்ளைக்கு மாத்து உடுப்பா?" என்று சிரித்தது. சொன்னேன். அப்பத்தா கதையைச் சுருக்கமாகத்தான் சொன்னேன், அதற்குள் வலி அதிகமாகிவிட்டது.

ஆண் பிள்ளை, இரண்டு கிலோ தொள்ளாயிரம். நஞ்சு ஆறாவது நிமிடம் விழுந்தது. இந்த முறை நல்ல வெளிச்சம், நானும் எட்டிப் பார்த்தேன், சுளை எல்லாம் இருந்தன. இடுப்புக்கடியில் அந்தப் பெண் ஒரு பிளாஸ்டிக் விரிப்பை இழுத்துவிட்டிருந்தது, நுனியில் கோடு போட்ட பை. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தது. ஒரு மணி நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டது.

"நீங்களே படிங்கம்மா."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தேன். இருநூறுக்குக் கொஞ்சம் மேலே நின்றிருந்தது.

"இருநூத்தி இருபது" என்றேன். அது அப்படியே எழுதிக்கொண்டது.